கலங்கிய கடலில் மூழ்குதல்

கடலினுள் மூழ்கி ஆராய்வதெனில், பவழப் பாறைகளுக்கிடையே பல நிற மீன்கள் உலவும் தெளிந்த நீரே நம் நினைவிற்கு வரும். ஆனால் சோழமண்டலக் கரையை அடுத்த கடல் பல மாதங்களில் அத்தகையதன்று. நீட்டிய கையின் விரல்களே புலப்படாத வேளைகளும் அங்கு உண்டு. இத்தகைய நீரில் உயிருக்கு ஊறின்றி வேலை செய்வது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நீர் கலங்குவதேன்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் வண்டலைக் கடலில் சேர்க்கின்றன. அலைகள் அடிச்சேற்றைக் கிளறுகின்றன. மிதக்கும் நுண்ணுயிர்களும் இவற்றுடன் கலக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு குறுக்களவுள்ள தனிக் களிமண் துகள், அசைவற்ற நீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ 3 நாட்கள் ஆகும். அடித்தரையில் ஒருமுறை காலை உதைத்தால் எழும் சேறு, மூழ்கியவர் வேலை முடிந்து திரும்பும் வரையில் அடங்காது என்பது இதனால் விளங்கும்.

விளக்கு உதவுமா?

ஓரளவே உதவும். மார்கழிப் பனியில் செல்லும் பேருந்தின் முன்விளக்கைக் கவனித்தோர் இதன் காரணத்தை அறிவர். மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறச் செய்து நம் கண்ணுக்கே திருப்புகின்றன. ஒளியைப் பெருக்கினால் எதிரில் தோன்றும் வெண்திரையும் பெருகும். விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடியாமல், பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் சிறிது பயன் கிட்டும்.

காற்றுக் கணக்கு

1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமீல் கான்யானும் அமைத்த சுவாசக் கருவி, மூழ்குவோர் முதுகிற் சுமக்கும் உருளையிலிருந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்பக் காற்றை அளித்தது. இன்றைய ஸ்கூபா கருவிகளும் இந்தத் தத்துவத்தின் வழிப்பட்டனவே. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது.

பூம்புகாரை உதாரணமாகக் கொள்வோம். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் போன்ற ஓர் அமைப்பைக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் கருவிகளால் கண்டறிந்து, 1993-இல் மூழ்கி ஆராய்ந்தனர். அதன் சுற்றளவு 85 மீட்டர் என்று குறித்தனர்.

அவ்வாழத்தில் மொத்த அழுத்தம் 3.3 வளிமண்டலம். நீர்ப்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பவருக்கு அங்கே 66 லிட்டர் தேவை. 12 லிட்டர் உருளையில் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த காற்று 2,400 லிட்டர் ஆகும். ஆபத்துக்கென 600 லிட்டரை ஒதுக்கினால், எஞ்சுவது 27 நிமிடங்களுக்கே போதும். இறங்கவும், மெல்ல ஏறவும், இடையில் தங்கவும் 7 நிமிடங்கள் கழியும். மீதி 20 நிமிடங்களில், நிமிடத்திற்கு 5 மீட்டர் வீதம் தடவிச் சென்றால், அமைப்பை ஒருமுறை சுற்றிவரவே 17 நிமிடங்கள் ஆகும். வழி தவறித் தேடுவதற்கு நேரமில்லை. அச்சத்தால் மூச்சு விரைந்தாலோ இக்கணக்கும் பொய்க்கும்.

கயிறே கண்

ஆகவே, கலங்கல் நீரில் கயிறே கண்ணாகிறது. தூத்துக்குடியில் கல்லைத் துணையாகக் கொண்டு இறங்கிய முத்துக்குளிப்போரின் உயிர், படகிலிருந்து கயிறு பிடித்தவரின் கையிலேயே இருந்தது. புதிய கருவி வந்த பின்னும் அவ்வுண்மை மாறவில்லை.

1. படகிலிருந்து எடைக்கல் கட்டிய கயிற்றை இறக்கி, அதைப் பற்றியே இறங்கவும் ஏறவும் வேண்டும்.

2. எடைக்கல்லில் மற்றொரு கயிற்றைக் கட்டி, மீட்டர்தோறும் முடிச்சிட்டு, வட்டமாகத் தேட வேண்டும். ஒரு வட்டம் முடிந்தபின் கயிற்றை நீட்டி அடுத்த வட்டத்தைத் தொடங்கலாம்.

3. இருவர் சேர்ந்து மூழ்கினால், சிறு கயிற்றால் இணைந்திருக்க வேண்டும். எத்தனை இழுப்பு எதைக் குறிக்கும் என்பதைப் படகிலேயே முடிவுசெய்தல் அவசியம்.

4. துணைவர் பிரிந்தால் ஒரு நிமிடமே தேட வேண்டும். பின் இருவரும் முறைப்படி மேலேற வேண்டும்.

5. கைவிடப்பட்ட மீன்வலைகள் கண்ணுக்குத் தெரியா. அவற்றை அறுக்கக் கத்தி வேண்டும்.

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் போன்று கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள இடங்களில் வாழ்வோர், தெளிந்த நீச்சல் குளத்திலேயே முதற்பயிற்சி பெறுவர். அங்கேயே, பயிற்றுநர் அருகிருக்க, முகக்கண்ணாடியை மறைத்துக்கொண்டு கருவிகளைத் தொட்டறியவும் கயிற்றைப் பின்பற்றவும் பழகுதல் நன்று.

கண்டதும் கொண்டதும்

கலங்கல் மற்றோர் இடரையும் விளைவிக்கிறது. ஒரு மீட்டரே தெரியும் நீரில் 85 மீட்டர் அமைப்பை எவரும் முழுமையாக ஒருசேரக் காண இயலாது. துண்டு துண்டாகத் தடவி அளந்தவற்றை மேலே வந்து பொருத்திப் பார்க்க வேண்டும். பூம்புகாரின் அவ்வமைப்பு மனிதர் கட்டியதா, இயற்கையாய் உருவானதா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. அவ்வழக்கைத் தீர்க்க ஆர்வம் போதாது. முடிச்சிட்ட கயிற்றால் அளந்து, எழுதுபலகையில் அப்போதே குறித்த அளவுகளே சான்றாகும். மூழ்குபவரின் உயிரைக் காக்கும் அதே கயிறு, அவர் கொணரும் செய்தியின் உண்மையையும் காக்கிறது.