பழைய வீடு வாங்குமுன் கூரையைப் பாருங்கள்



சொந்த வீடு வாங்குவது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் ஆசை. அதற்காகச் சீட்டுப் போடுகிறோம். நகையை அடகு வைக்கிறோம். வாங்குமுன் வில்லங்கம் பார்க்கிறோம், பட்டா பார்க்கிறோம், கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்கிறோம். கூரையை அண்ணாந்து பார்த்து, “ஒழுகுமா?” என்று மட்டும் கேட்கிறோம். அது எதனால் செய்தது என்று கேட்பதில்லை. அதைக் கேட்கக் கற்றுக் கொள்வதே இந்தப் பாடம்.

ஒரு தம்பதியும் நர்ஸம்மாவும்

ஒரு கிராமத்தில் ஓர் இளம் தம்பதி. கைக்குழந்தை ஒன்று. ஊர்க்கோடியில் ஒரு பழைய வீட்டை விலை பேசி முடித்திருந்தார்கள். வீட்டின் மேல் முப்பது வருஷத்துக்கு முன் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த கிராம சுகாதார செவிலியரிடம் மனைவி இந்தச் சேதியைச் சந்தோஷமாகச் சொன்னார்.

“ரொம்ப நல்லது. கூரை எப்படி இருக்கு?” என்று கேட்டார் செவிலியர்.

“அடுப்படிப் பக்கம் ரெண்டு ஷீட் உடைஞ்சு கிடக்குது சிஸ்டர். ஞாயித்துக்கிழமை நானும் மச்சானும் ஏறி, சம்மட்டியால தட்டி இறக்கிடுவோம். நல்ல ஷீட்டை அறுத்து மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுக்கலாம்” என்றார் கணவர்.

“கீழே விழுற தூளை நான் கூட்டி அள்ளிடுவேன்” என்றார் மனைவி.

“குழந்தை எங்கே இருக்கும்?”

“திண்ணையில தூளியில போட்டுடுவேன்.”

செவிலியர் ஊசிப் பெட்டியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார். “தம்பி, நீ தட்டுறது, அறுக்கிறது, நீ கூட்டுறதும்மா, இந்த மூணும்தான் ஆபத்து. வேற எதுவும் இப்போ அவ்வளவு ஆபத்து இல்லை. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க” என்றார். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

கல்நார் என்றால் என்ன?

ஆஸ்பெஸ்டாஸைத் தமிழில் கல்நார் என்கிறோம். கல்லுக்குள் நார் போல் இருப்பதால் அந்தப் பெயர். பூமியிலிருந்து தோண்டி எடுக்கும் இந்த நார் தீயில் எரியாது, எளிதில் மக்காது. இதைச் சிமெண்டுடன் சேர்த்து ஷீட், குழாய், பலகை எல்லாம் செய்தார்கள். ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார். மீதி பெரும்பாலும் சிமெண்டு.

ஷீட் முழுசாக இருக்கும் வரை சிமெண்டு இந்த நாரைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், தேய்த்தால் நார் தூளாகிக் காற்றில் பறக்கிறது. தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலின் அடி வரை போய்த் தங்கிவிடுகிறது. அங்கே போனது எல்லாம் இருமினால் வெளியே வந்துவிடாது.

அது என்ன செய்யும்?

நெடுநாள் அதிகமாகச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் தழும்பேறிச் சுருங்கி, நடந்தாலே மூச்சு வாங்கும். நுரையீரல் புற்றுநோய் வரலாம். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய் வரலாம். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் சிமெண்டு ஷீட்டுக்கு இன்னும் தடை இல்லை. அதனால் நாமேதான் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த வியாதி உடனே வராது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத் தலை காட்டும். 1995-இல் நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலக் குறிப்புகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று தூளைச் சுவாசிக்கும் கைக்குழந்தைக்கு முன்னால் எத்தனை வருஷம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு இந்தத் தூளும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஆகும்.

துணியோடு வீட்டுக்கு வரும் தூள்

“வேலை செய்யப் போறது அவர்தானே, எனக்கென்ன?” என்று தாய்மார் நினைக்கலாம். 1960-இல் தென்னாப்பிரிக்காவின் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் மருத்துவர்கள் இந்தப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, சுரங்கத்தில் இறங்காமல் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் அது வந்திருந்தது. 1965-இல் லண்டனில் நடந்த ஆராய்ச்சியில், கல்நார்த் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் வந்திருந்தது தெரிந்தது. அவர்களில் கணவரின் வேலைத் துணியை உதறித் துவைத்த பெண்களும் இருந்தார்கள்.

ஒரு நாள் கூரை பிரிப்பதும் வருஷக்கணக்கில் தொழிற்சாலையில் வேலை செய்வதும் ஒன்றல்ல. ஆனால் தூள் வீட்டுக்குள் வரும் வழி அதே வழிதான்: சட்டை, லுங்கி, தலைமுடி, துடைப்பம். ஆகவே இது கணவன் மனைவி இருவரும் கலந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. இருவரும் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். கூரை மட்டுமல்ல, சாய்ப்பு, மாட்டுக் கொட்டகை, குளியலறைத் தடுப்பு, புகைக் குழாய், தண்ணீர்க் குழாய், மச்சுப் பலகை எல்லாவற்றையும் பாருங்கள்.

2. சாம்பல் நிறம், அலை அலையான வடிவு, சுமார் 6 மில்லிமீட்டர் கனம், தட்டினால் தகர ஓசை வராது. இவை சிமெண்டு ஷீட்டின் அடையாளம். கல்நார் சேர்க்காத சிமெண்டு ஷீட்டும் பார்க்க இப்படியே இருக்கும். கண்ணால் பிரித்தறிய முடியாது; சோதனைச் சாலையில்தான் தெரியும். பழைய ஷீட் என்றால் கல்நார் இருப்பதாகவே வைத்துக் கொள்ளுங்கள்.

3. எந்த வருஷம் போட்டது, ரசீது இருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

4. எத்தனை ஷீட் முழுசு, எத்தனை விரிசல், எத்தனை உடைசல் என்று எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். மாற்றும் செலவைக் கணக்கிட்டு, அதைச் சொல்லி விலை பேசுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு பேசுவது கடினம்.

ஷீட் இருக்கிறது என்பதற்காக வீட்டையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. உடையாத ஷீட்டுக்கு அடியில் குடியிருப்பதால் வரும் அபாயம் மிகக் குறைவு. பயந்து போய் அவசரமாகப் பிரிப்பதுதான் பெரிய தீங்கு.

செய்யக் கூடாதவை

ஷீட்டை அறுக்காதீர்கள். துளை போடாதீர்கள். பாசி பிடித்தால் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள்.

ஷீட்டின் மேல் ஏறி நடக்காதீர்கள். பழைய ஷீட் சட்டென்று உடையும். கீழே விழுந்து உயிரை விடுவது வியாதியை விட வேகமாக நடந்துவிடும்.

உடைந்த துண்டுகளை அடுப்புக்கு மறைப்பாகவோ, வாசலில் பள்ளம் மூடவோ பயன்படுத்தாதீர்கள். தீயில் இந்த ஷீட் வெடித்துச் சிதறும். பிள்ளைகள் துண்டுகளை வைத்து விளையாட விடாதீர்கள்.

தூளைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள்.

கழற்றியே ஆக வேண்டுமானால்

இந்த வேலை தெரிந்த ஆளை வைத்துச் செய்வது நல்லது. அன்று பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். சமையல் பாத்திரங்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

முதலில் ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள். சாரத்தில் நின்று, ஜே போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்குங்கள். மேலிருந்து எறியாதீர்கள். ஈரத்தோடு பாலிதீன் தாளில் சுற்றிக் கட்டுங்கள். சிந்திய துண்டுகளை நனைத்துப் பொறுக்குங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டி வைத்துவிடுங்கள். எங்கே போடுவது என்று ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். குளத்திலும் ஓடையிலும் கொட்ட வேண்டாம்.

மூக்கில் துண்டைக் கட்டினால் போதும் என்று நம்பாதீர்கள். இந்த நார் துண்டைக் கடந்து போகும். தூள் எழும்பாமல் செய்வதே முதல் காப்பு. வேலை முடிந்ததும் வெளியிலேயே தலை முழுகிவிட்டு உள்ளே வாருங்கள். வேலைத் துணியை உதறாமல் நனைத்துத் தனியாக அலசுங்கள். குளிக்கும் முன் குழந்தையைத் தூக்காதீர்கள்.

புயலுக்குப் பின்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் எத்தனையோ கூரைகளைப் பிய்த்து எறிந்தது. அப்படிச் சிதறிய துண்டுகளுக்கும் இதே முறைதான்: நனைத்து, பொறுக்கி, கட்டி, ஒதுக்கி வையுங்கள்.

டாக்டரிடம் சொல்லுங்கள்

கல்நார்த் தொழிற்சாலையிலோ, ஷீட் அறுக்கும் வேலையிலோ நெடுநாள் இருந்தவருக்கு ஓயாத இருமல், மூச்சிரைப்பு, மார்பு வலி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், செய்த வேலையையும் வருஷத்தையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இது ஒட்டுவாரொட்டி அல்ல. யாரையும் ஒதுக்க வேண்டாம். பீடியை இன்றே விட்டுவிடுவது பெரிய மருந்து.

அந்தத் தம்பதி என்ன செய்தார்கள்?

சம்மட்டியைத் திண்ணைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். மறுபடி போய் ஷீட்டுகளை எண்ணினார்கள்; உடைந்த இரண்டைக் காட்டிப் பேசி, விலையில் கொஞ்சம் குறைத்து வாங்கினார்கள். மிச்சமான பணத்தில் அந்த இரண்டையும் ஆள் வைத்து நனைத்துக் கழற்றி, அந்த இடத்தில் தகர ஷீட் போட்டார்கள். முழு ஷீட்டுகள் அப்படியே இருக்கின்றன; காசு சேரும்போது ஓடு மாற்றுவார்களாம்.

“வீடு வாங்கினது எங்களுக்கு இல்லைங்க சிஸ்டர், இவளுக்குத்தான்” என்று குழந்தையைக் காட்டினார் அந்தத் தாய்.

நினைவில் வையுங்கள்: முழு ஷீட்டைத் தொடாதீர்கள். உடைந்த ஷீட்டை நனைக்காமல் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.