பதிவேட்டுப் பெயரும் பாதுகாப்பும்: இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தின் ஏரி, பறவை, கால்நடை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னதாக அமைந்துள்ள இருங்காட்டுக்கோட்டை, சிப்காட் தொழிற்பூங்காவாலும், 1996-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் கார் தொழிற்சாலையாலும் நாடறிந்த பெயராயிற்று. அதற்கு முன்பு இவ்வட்டாரத்தின் அடையாளம் ஏரிகளே. மேல் ஏரி நிரம்பியதும் கலங்கல் எனப்படும் உபரிநீர்ப் போக்கியின் வழியே வழிகிற நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகி, அது நிரம்பி அடுத்ததற்குச் செல்லும் சங்கிலித் தொடராகப் பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் ஏரிகள் அமைந்திருந்தன. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி ஏரிகளின் உபரிநீர், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்றடைகிறது. ஒரகடம் வரை நீளும் இன்றைய உற்பத்திப் பட்டையின் கார், டயர், கண்ணாடித் தொழிற்சாலைகள் இந்த நீர்த்தொடரின் மடியில்தான் எழுந்தன.

இவ்வட்டாரத்தின் நீரையும் உயிர்களையும் காக்கும் சட்டங்களைப் பற்றி உறுதியாக நம்பப்படும் செய்திகள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை முழுப் பொய்யல்ல. ஓரிடத்தில் என்ன வாழ்கிறது என்று கேட்பதற்கு முன்பு அந்த இடம் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்பது சட்டத்தின் வழக்கம் என்பதை அறியாததால் பிறந்த அரைகுறை உண்மைகள்.

நம்பிக்கை: ஏரி என்பது ஈரநிலம், ஆகவே ஈரநிலச் சட்டம் அதைக் காக்கும்.

நீர் தேங்கி, நாணலும் மீனும் கொக்கும் சேர்ந்து வாழும் இடத்தை ஈரநிலம் என்று அறிவியல் அழைக்கிறது. அந்த வகையில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் எந்த ஏரியும் ஈரநிலமே. ஆனால் 2017 செப்டம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த ஈரநிலப் பாதுகாப்பு மேலாண்மை விதிகள், ஈரநிலம் என்பதற்கு விரிவான ஒரு வரையறையைத் தந்துவிட்டு, அதே மூச்சில் ஆற்றுப் படுகைகளையும் நெல்வயல்களையும், குடிநீருக்கென்றே மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும், மீன்வளர்ப்பு, உப்பு உற்பத்தி, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்கென்றே கட்டப்பட்ட அமைப்புகளையும் அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. தமிழ்நாட்டின் சமவெளி ஏரிகளில் பெரும்பாலானவை கரையும் மதகும் அமைத்து ஆயக்கட்டு எனப்படும் பாசனப் பரப்புக்கு நீர் பாய்ச்சுவதற்காகக் கட்டப்பட்டவை என்பதால், பல நூற்றாண்டு காலமாகப் பறவைகள் வந்திறங்கும் ஏரியும் இவ்விதிகளின் பார்வையில் வெறும் பாசனக் கட்டமைப்பாகிவிடுகிறது.

இந்த இடைவெளியை ஓரளவு அடைப்பது உச்ச நீதிமன்றம். செயற்கைக்கோள் படங்களின் உதவியால் கணக்கெடுக்கப்பட்ட, 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களை முந்தைய 2010-ஆம் ஆண்டு ஈரநில விதிகளின் நான்காம் விதியில் கண்ட நெறிகளின்படி காக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் அது ஆணையிட்டது. நீர்நிலையைத் தூர்ப்பது, புதிய தொழில்களை அமைப்பது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது ஆகியவற்றுக்கு அந்த நான்காம் விதி தடை விதித்திருந்தது. பின்னர் வந்த கணக்கெடுப்பில் இந்த எண்ணிக்கை 2,31,195 ஆக உயர்ந்தது. அவற்றைக் களத்தில் சரிபார்க்க 2024 டிசம்பரில் மீண்டும் ஆணை பிறந்தது. எனவே ஓர் ஏரிக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்போர், அது அந்தக் கணக்கெடுப்பில் இடம்பெற்றிருக்கிறதா என்பதையும், மாநில அரசின் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்துக்குள் வருகிறதா என்பதையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னதிலும் ஒரு பெயர்ச் சிக்கல் உண்டு: அச்சட்டம் முதன்மையாகப் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளைக் கருதி எழுதப்பட்டது, பொதுவாக 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சிற்றேரிகளும் தாங்கல்களும் ஊராட்சி ஒன்றியங்களின் கணக்கில் உள்ளவை.

ஏரியின் நீர்ப்பரப்பைக் காத்துவிட்டால் ஏரியைக் காத்ததாகிவிடும் என்ற துணை நம்பிக்கையும் இதனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டால், ஏரியின் உள்வாயில் ஓர் அடிகூட ஆக்கிரமிக்கப்படாமலேயே அது செத்துப்போகும். வரத்துக்காலில் ஒரு பகுதி கிராமக் கணக்கில் வாய்க்கால் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். எஞ்சியது பட்டா நிலங்களின் மேல் மழைநீர் தானாக வழிந்தோடும் தாழ்வாக மட்டும் இருக்கும், அதற்குப் புல எண்ணும் கிடையாது, பெயரும் கிடையாது. 2023-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளும் வாய்க்கால்களும் உள்ளடங்கிய பெருந்திட்டப் பரப்பை ஒரே தொகுப்பாகக் கையாள வழிசெய்வதால், பெயருள்ள வாய்க்கால்களின் நிலையும் இனி முன்போல் உறுதியானதல்ல என்று சூழலியலாளர்கள் கவலை தெரிவித்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

நம்பிக்கை: கார் தொழிற்சாலை கட்டப்பட வேண்டுமானால் ஊர்மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டாக வேண்டும்.

ஒரு திட்டத்தால் நீர், காற்று, நிலம், உயிரினங்கள், மக்கள் வாழ்வு ஆகியவற்றுக்கு நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டியே ஆராய்வது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எனப்படும். இதை நெறிப்படுத்தும் 2006 செப்டம்பர் 14-ஆம் நாளைய அறிவிக்கை, எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை வைக்காமல், சுரங்கம், அனல்மின் நிலையம், சிமெண்ட் ஆலை என்று பெயர் சொல்லி ஓர் அட்டவணையைத் தருகிறது. அந்த அட்டவணையில் வாகன உற்பத்தி என்றொரு தலைப்பு இல்லை. ஆகவே கார் தொழிற்சாலை அந்த அறிவிக்கையின் கண்ணில் படுவது பெரும்பாலும் அதன் கட்டடத்தால்தான்: கட்டப்படும் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் வணிக வளாகத்துக்கும் உரிய எட்டாம் தலைப்பின்கீழ் அது வருகிறது, அத்தலைப்பில் வரும் கட்டுமானங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஒப்புதல் பெற்ற தொழிற்பூங்காவுக்குள் அமையும் திட்டங்களுக்கும், அவை அப்பூங்காவில் தடைசெய்யப்பட்டவையாக இல்லாதவரை, இதே விலக்கு கிடைக்கிறது. 500 ஹெக்டேருக்கு உட்பட்ட பூங்காவில் அட்டவணைத் தொழில் எதுவும் இல்லையென்றால் பூங்காவுக்கே முன் அனுமதி தேவைப்படாது. கார் தொழிற்சாலையைக் கட்டடமாகக் காணும் பார்வை எவ்வளவு விசித்திரமானது என்பது, அதன் வண்ணப்பூச்சுப் பிரிவிலிருந்து வெளியேறும் கரைப்பான் ஆவியையும், அபாயகரக் கழிவு என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் வகைப்படுத்தும் வண்ணக் கசடையும் நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

அந்தக் கட்டடப் பெயரும்கூட நிலையாக இருந்ததில்லை. தொழிற்கூடங்கள், பள்ளிகள், கல்லூரிகள் ஆகியவற்றின் கட்டடங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று விலக்களித்து ஒன்றிய அரசு 2025 ஜனவரி 29 அன்று வெளியிட்ட அறிவிக்கையின் அந்தப் பகுதியை, அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. கட்டடம் எந்தப் பயனுக்கானது என்பதைப் பொறுத்துச் சூழலுக்கு நேரும் தாக்கம் மாறிவிடாது என்ற எளிய வாதமே அங்கு வென்றது.

நம்பிக்கை: ‘பச்சை’ வகைத் தொழில் என்றால் சூழலுக்கு இணக்கமானது, மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் மரம் நட்டால் கணக்கு நேராகிவிடும்.

சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைப் பிரிப்பது மாசின் அளவைக் குறிக்கும் மதிப்பெண்ணின் அடிப்படையில். 2016-ஆம் ஆண்டுப் பகுப்பில் 60-உம் அதற்கு மேலும் பெற்றவை சிவப்பு, 21 முதல் 40 வரை பெற்றவை பச்சை. 2025-இல் இந்த எல்லைகள் திருத்தப்பட்டு நீலம் என்றொரு வகையும் சேர்ந்தது. பச்சை என்பது குறைவான மாசு என்று மட்டுமே பொருள்படும். அப்பெயர் கண்காணிப்பைத் தளர்த்திவிடவும் செய்யும். பழைய வழிகாட்டு நெறிகள் கோழிப்பண்ணைகளைப் பச்சை வகையில் வைத்து, ஒரு லட்சம் கோழிகளுக்குக் குறைந்த பண்ணைகளை இசைவாணை பெறும் கடமையிலிருந்தே விடுவித்திருந்தன. 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மறுஆய்வு செய்யச் சொன்ன பின்னரே நெறிகள் மாறின. தொழிற்சாலைகளுக்கு நெடுங்காலமாக வலியுறுத்தப்பட்டுவந்த 33 விழுக்காட்டுப் பசுமை வளையம் தூசியையும் இரைச்சலையும் தணிக்கும். முழங்கால் ஆழ நீரில் நின்று மீன் தேடும் நாரைக்கு அந்த மரநிழலால் பயனேதுமில்லை.

நம்பிக்கை: காட்டுயிர்ச் சட்டம் சரணாலயத்துக்குள் மட்டுமே செல்லும், வேட்டை என்றால் கொல்வது.

1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல், பறவைகளைப் பொறுத்தவரை, முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் முட்டையையோ கூட்டையோ குலைப்பதையும் உள்ளடக்கியது. அட்டவணைப்படுத்தப்பட்ட பறவை தொழிற்சாலை வளாகத்து மரத்தில் கூடு கட்டினாலும் அதே சட்டம் பொருந்தும். உயிரைக் காக்கும் அளவுக்கு அதன் இரைக்களத்தை இச்சட்டம் காப்பதில்லை என்பதே உண்மையான குறை.

2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும்வரை இருங்காட்டுக்கோட்டை இருந்த அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வேடந்தாங்கல் இதற்குத் தெளிவான சான்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார் அவற்றைக் காத்துவந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமைக்கு எழுத்துவடிவ அங்கீகாரம் தந்தார். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் அங்கே கூடு கட்டினாலும், குஞ்சுகளுக்கு இரை தேடிச் சுற்றிலுமுள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறக்கின்றன என்பதால், 1998-ஆம் ஆண்டு அறிவிக்கை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதையும் சரணாலயமாக்கியது. அந்த ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்க 2020-இல் வனத்துறை முன்வைத்த யோசனை, 2 கிலோமீட்டர் தானே என்ற எண்ணத்தைப் பலரிடம் ஏற்படுத்தியது. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளிக் கணக்கு: 5 கிலோமீட்டர் ஆரம் ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டரைத் தரும், 3 கிலோமீட்டர் ஆரம் 28-ஐத் தரும், இழப்பு மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. சரணாலய எல்லையை மாற்ற மாநில அரசின் விருப்பம் மட்டும் போதாது, தேசியக் காட்டுயிர் வாரியத்தின் பரிந்துரை வேண்டும் என்று சட்டத்தின் 26அ பிரிவு கூறுவது ஒரு காப்பு.

வேடந்தாங்கலும் அடிப்படையில் ஒரு பாசன ஏரியே. 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், அருகிலுள்ள கரிக்கிலியோடு அது சேர்க்கப்பட்டதால் 2017 விதிகளின் பாதுகாப்பும் அதற்குக் கிடைத்தது. அதே நாரைகள் இரை தேடக்கூடிய வேறோர் ஏரிக்கு அந்தப் பெயர் கிட்டவில்லை.

நம்பிக்கை: கால்நடை மருத்துவரின் சான்று இருந்தால் எத்தனை மாடுகளையும் லாரியில் ஏற்றலாம்.

பயணத்துக்குத் தகுதியான உடல்நிலை என்று மட்டுமே அச்சான்று கூறும். விலங்குப் போக்குவரத்து விதிகள் ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கின்றன. 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம் தரும் நிலையான தடுப்புகள் வேண்டும் என்கிறது. விதி இவ்வளவு துல்லியமாக இருந்தும் மீறல் ஏன் மலிந்திருக்கிறது என்பதற்கு, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு விதிக்கும் தண்டனையே விடை: முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாறாத இத்தொகையை உயர்த்துமாறு, 2014-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. விலங்கைக் கொன்றால் அல்லது ஊனப்படுத்தினால் ஐந்தாண்டுவரை சிறை விதிக்கும் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் உண்டு. ஆனால் அது சொத்துக்கு எதிரான குற்றங்களின் அத்தியாயத்தில் இடம்பெற்றிருக்கிறது. மாட்டின் பெயர் அங்கே உடைமை.

நம்பிக்கை: மேய்க்கால் புறம்போக்கு அரசின் தரிசு நிலம், சாலையில் திரியும் மாடு பொறுப்பற்ற உரிமையாளரின் குற்றம்.

புறம்போக்கு என்பது தீர்வை விதிப்புக்குப் புறம்பான, பொதுப் பயனுக்கு ஒதுக்கப்பட்ட நிலம். மேய்க்கால் புறம்போக்கு ஊர்க் கால்நடைகளுக்கென ‘அ’ பதிவேட்டில் குறிக்கப்பட்ட இடம். ஊர்ப் பொதுநிலங்களை மீட்டு ஊராரிடம் ஒப்படைக்குமாறு 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. ஆக்கிரமிப்பைப் பற்றிய அந்த ஆணை, அரசே வகைமாற்றம் செய்து தொழிலுக்கு வழங்கும் நிலத்தைத் தொடுவதில்லை. விலங்கின் நலனைப் பேணும் கடமையை வதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அதை வைத்திருப்பவர்மீது சுமத்துவது சரியே. மேய்ச்சல் நிலத்தை அகற்றியவருக்கு அச்சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. கோடையில் ஏரியின் உள்வாயும் காய்ந்த பின்னர், லாரித் தண்ணீர் ஊற்றி வளர்க்கப்படும் நெடுஞ்சாலை நடுத்திட்டின் புல்தான் பச்சையாக நிற்கிறது. மாடுகள் அங்கே செல்கின்றன.