வடிவப் புதிர்களும் எமது பிள்ளைகளும்



இங்கிலாந்தில் கிராமர் பாடசாலைகளுக்கு நடைபெறும் நுழைவுத் தேர்வுகள் பலவற்றில் சொற்களே இல்லாத கேள்விகள் வருகின்றன. வட்டம், சதுரம், அம்புக்குறி என்று வரிசையாக வரைந்து, வெறுமையாக விட்ட கட்டத்தில் எது வரும் என்று கேட்பார்கள். ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பெற்றோருக்கு இவ்வகைக் கேள்விகள் முற்றிலும் புதியவை அல்ல.

எமது ஞாயிறு வகுப்பில் நாம் முதலில் ஒரு பிழை விட்டோம். பயிற்சித் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து, புள்ளிகளை மட்டும் கூட்டினோம். ஒரு சிறுமி இருபதுக்குப் பதினெட்டு எடுத்தாள். "ஏன் இந்த விடை?" என்று கேட்டபோது, "பார்த்தால் அப்படித்தான் தெரியுது, ரீச்சர்" என்றாள். அடுத்த கிழமை வேறு வகைத் தாளைக் கொடுத்தோம். பிள்ளை பேனையை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். அவள் விடைகளைப் பழகியிருந்தாளே தவிர, விதியைத் தேடப் பழகவில்லை. பழக்காதது நாங்கள்தான்.

இப்புதிர்களில் மிகவும் பெயர்பெற்றது ஜான் ரேவன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1938இல் வெளியிட்ட தொகுதி. ஒரு கட்டம் வெறுமையாக உள்ள வடிவங்களைக் காட்டி, அங்கே பொருந்துவதைத் தெரியச் சொல்வார்கள். 1990இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் இத்தகைய புதிர்களை ஆராய்ந்து, அவற்றின் அடியில் இருப்பவை ஒரு சில விதிகளே என்று காட்டினார்கள். அவற்றுள் நான்கைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்:

1. மாறாமை: வரிசை முழுவதும் ஒரு அம்சம் அப்படியே இருக்கும்.
2. படிமுறை: எண்ணிக்கையோ அளவோ திசையோ படிப்படியாக மாறும்.
3. கூட்டல், கழித்தல்: முதல் இரண்டு படங்களைச் சேர்த்தால் அல்லது கழித்தால் மூன்றாவது வரும்.
4. பங்கீடு: மூன்று வடிவங்கள் ஒவ்வொரு வரிசையிலும் ஒருமுறை வரும், ஒழுங்கு மட்டும் மாறும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

முதல் வரிசை: ஒரு புள்ளியுள்ள வட்டம், இரண்டு புள்ளியுள்ள சதுரம், மூன்று புள்ளியுள்ள முக்கோணம்.
இரண்டாம் வரிசை: ஒரு புள்ளியுள்ள சதுரம், இரண்டு புள்ளியுள்ள முக்கோணம், மூன்று புள்ளியுள்ள வட்டம்.
மூன்றாம் வரிசை: ஒரு புள்ளியுள்ள முக்கோணம், இரண்டு புள்ளியுள்ள வட்டம், பிறகு வெறுமை.

பிள்ளை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்தால் குழம்பும். ஆகவே முதலில் புள்ளியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. இது படிமுறை. பிறகு வடிவத்தை மட்டும்: வட்டம், சதுரம், முக்கோணம் மூன்றும் ஒவ்வொரு வரிசையிலும் உண்டு. கடைசி வரிசையில் சதுரம் இல்லை. இது பங்கீடு. ஆகவே விடை மூன்று புள்ளியுள்ள சதுரம். இரண்டு விதிகளையும் வாயால் சொன்ன பிறகே விடையைத் தொட வேண்டும் என்பது இப்போது எமது வகுப்பின் ஒழுங்கு.

இதைத் தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். ஆலயத்தை வலம் வரும் திசையே வலஞ்சுழி. அதற்கு எதிர்த்திசை இடஞ்சுழி. வீதி சுற்றிய பிள்ளைக்கு இது உடனே விளங்கும். அம்மா போடும் புள்ளிக் கோலமும் நல்ல பாடம். கோலத்தின் கால்வாசியை வரைந்து கொடுத்து, தாளைத் திருப்பித் திருப்பி மிச்சத்தை முடிக்கச் சொல்லுங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1974இல், மொழிக்கு இலக்கணம் எழுதுவதுபோலக் கோலங்களுக்கும் விதி எழுதலாம் என்று காட்டினார்கள். எமது வாசலில் இருந்ததும் விதியைத் தேடும் கலைதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒருவகைப் புதிரைப் பழகினால் அவ்வகையில் புள்ளி கூடும். அதனால் மட்டும் பிள்ளையின் முழு அறிவும் கூடிவிட்டது என்றோ, புள்ளி குறைந்தால் பிள்ளை மந்தம் என்றோ கொள்ளக் கூடாது. ஒன்றை ஒவ்வொரு கூறாகப் பிரித்துப் பார்ப்பது, காரணம் சொல்வது, பிழையென்றால் வேறு விதியைத் தேடுவது ஆகிய பழக்கங்களே பிள்ளைக்கு மிஞ்சுவன. கணக்குப் பாடத்திலும் "ஏன்?" என்று நாம் தொடர்ந்து கேட்டால்தான் அவை அங்கும் கைகொடுக்கும். நாளுக்குப் பதினைந்து நிமிடம், நான்கு புதிர்கள் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைப் பற்றிப் பேச வேண்டாம்.

அன்று அழுத சிறுமி இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் புதிர் வரைந்து கொடுக்கிறாள். விதியை அறிந்தவர்தான் புதிரை ஆக்க முடியும்.

வீட்டில் செய்து பார்க்க: ஒரு சதுரத்தின் நடுவில் அம்புக்குறி, மூலையில் ஒரு புள்ளி. முதற் படத்தில் அம்பு மேலே, புள்ளி மேல் இடது மூலையில். இரண்டாவதில் அம்பு வலப்பக்கம், புள்ளி கீழ் இடது மூலையில். மூன்றாவதில் அம்பு கீழே, புள்ளி கீழ் வலது மூலையில். நான்காவது எது?

விடை: அம்பு வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, ஆகவே இடப்பக்கம். புள்ளி இடஞ்சுழியாகச் செல்கிறது. ஆகவே மேல் வலது மூலை. காரணத்தைப் பிள்ளையே சொல்லட்டும்.