டிஸ்ட்ரோவின் பெயரைக் கேட்காதீர்கள்

சி மொழியில் எழுதிய ஒரு கட்டற்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். எனக்கு அதிகம் வரும் புகார், "எங்கள் கணினியில் பில்டு ஆகவில்லை" என்பதுதான். மூல நிரலைத் திறந்து வைத்தும் பிறரால் அதை பில்டு செய்ய முடியாவிட்டால், திறந்து வைத்ததில் பாதிப் பயன் போய்விடுகிறது. ஆகவே இதை நான் முக்கியமான வேலையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது: "இது எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ, உபுண்டுவா, ஃபெடோராவா?" என்று பில்டு ஸ்கிரிப்ட் கேட்கவே கூடாது. ஓபன்எஸ்எஸ்எல் ஹெட்டர் கோப்புகள் டெபியனில் லிப்எஸ்எஸ்எல்-டெவ் பொதியில் வருகின்றன, ஃபெடோராவில் ஓபன்எஸ்எஸ்எல்-டெவல். 64 பிட் லைப்ரரிகளை ஃபெடோரா லிப்64 அடைவில் வைக்கும். டெபியனோ பிராசசர் வகையின் பெயர் கொண்ட உள்ளடைவில் வைக்கும். இதற்கெல்லாம் ஒவ்வொரு நிபந்தனையாக எழுதினால், அடுத்த டிஸ்ட்ரோ வரும்போது மறுபடி உடையும். லைப்ரரி எங்கே இருக்கிறது என்பதை பிகேஜி-கான்ஃபிக்கிடம் கேளுங்கள். நிறுவும் இடத்தை சிமேக் அல்லது மீசான் போன்ற பில்டு கருவி முடிவு செய்யட்டும்.

இந்தப் பாடத்தை அழுத்தமாகக் கற்றுத் தந்தது ஆல்பைன் என்ற டிஸ்ட்ரோ. அதில் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி கிடையாது, மஸில் என்ற வேறொரு சி லைப்ரரி. ஜிலிப்சியில் சாதாரணமாகக் கிடைக்கும் பேக்ட்ரேஸ் ஃபங்ஷன் அங்கே இல்லை. "மஸிலாக இருந்தால் இப்படிச் செய்" என்று எழுதவும் வழியில்லை. தன்னை அடையாளம் காட்டும் மேக்ரோ எதையும் மஸில் தருவதில்லை, அதுவும் வேண்டுமென்றே. எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. எந்த ஃபங்ஷன் தேவையோ, அது இருக்கிறதா என்று கான்ஃபிகர் நேரத்தில் ஒரு சிறு நிரலை கம்பைல் செய்து பார்ப்பதே நேர்மையான வழி.

பில்டு ஆனதோடும் விட்டுவிட முடியாது. த்ரெட் ஒன்றுக்கு ஜிலிப்சி வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் தரும். மஸில் தருவது 128 கேபி. பெரிய அரேயை ஸ்டாக்கில் வைத்த நிரல் அங்கே ஓடும்போதுதான் விழும். எனவே ஒவ்வொரு டிஸ்ட்ரோ கன்டெய்னரிலும் டெஸ்ட்டுகளையும் ஓட்டுங்கள்.

கம்பைலரும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2020இல் வந்த ஜிசிசி 10, எக்ஸ்டர்ன் இல்லாமல் ஹெட்டரில் அறிவித்த குளோபல் மாறிகளை லிங்க் நேரத்தில் நிராகரிக்கத் தொடங்கியது. 2024இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதைப் பிழையாகவே ஆக்கிவிட்டது. எல்டிஎஸ் உபுண்டுவில் மட்டும் வேலை செய்பவர் இதையெல்லாம் தாமதமாகத்தான் அறிவார். ஃபெடோரா ராஹைடு, டெபியன் அன்ஸ்டேபிள் ஆகிய வளர்நிலைப் பதிப்புகளில் அவ்வப்போது பில்டு செய்து பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் கொடியை உங்கள் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியீட்டில் அது இருந்தால், புதிய கம்பைலரின் புதிய எச்சரிக்கை ஒன்றே போதும், பயனரின் பில்டு நின்றுவிடும்.

பில்டுக்கான ஷெல் ஸ்கிரிப்டில், பாஷ் போன்ற சில ஷெல்களில் மட்டும் இயங்கும் இரட்டைச் சதுர அடைப்பு வேண்டாம். டெபியனின் எஸ்எச் உண்மையில் டாஷ்; அதற்கு அது புரியாது. பில்டின் நடுவே இணையத்திலிருந்து எதையும் இறக்காதீர்கள்; டெபியனும் ஃபெடோராவும் பொதி பில்டின்போது இணையத்தை அணுக அனுமதிப்பதில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருளை ஏற்கெனவே பொதியாக்கிய டிஸ்ட்ரோக்களின் களஞ்சியங்களுக்குப் போய், அவர்கள் வைத்திருக்கும் பேட்ச் கோப்புகளைப் படியுங்கள். டெபியனில் பேட்ச் உள்ள பொதியின் மூலத்தில் அவற்றுக்கென்றே ஓர் அடைவு உண்டு. முகம் தெரியாத ஒரு பொதியாளர் உங்கள் நிரலை ஓட வைக்கத் தன் நேரத்தைச் செலவிட்டிருப்பார். அந்தத் திருத்தத்தை உங்கள் மூல நிரலிலேயே சேர்த்து, அவர் பெயரையும் குறிப்பிடுங்கள்.