மணலில் பதிந்த தடம்

நுழையும்முன்

முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கிறோம். பாதத்தைப் பார்ப்பதற்கோ ஒரு முள் குத்த வேண்டியிருக்கிறது. உடலின் முழு எடையையும் தாங்கி நடக்கும் பாதம், குழந்தைப் பருவத்தில் எவ்வாறு உருப்பெறுகிறது? காலணி அதற்குத் துணையா, தடையா? இவ்வினாக்களுக்கு இந்திய மண்ணில் நிகழ்ந்த ஆய்வுகள் தரும் விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடற்கரைத் தடங்கள்

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கத்திற்கும் நீலாங்கரைக்கும் இடையே அமைந்த ஊர் பாலவாக்கம். விடுமுறை நாளின் காலைப்பொழுதில் அதன் கடற்கரை ஈரமணல், பாதங்களின் வரலாற்றை எழுதிக் காட்டும் ஏடாகிறது. தளர்நடைக் குழந்தையின் தடம் இடைவெளியின்றி முழுமையாகப் பதிந்திருக்கும். பந்து விளையாடும் சிறுவனின் தடத்திலோ உட்பக்கம் சற்றே குழிந்து, மணல் தொடப்படாமல் நிற்கும். வெறுங்காலோடு வலையிழுத்துப் பழகிய மீனவரின் தடத்தில் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே விரிந்து பதிந்திருக்கும்.

குழந்தையின் தடத்திற்கும் சிறுவனின் தடத்திற்கும் இடைப்பட்ட அச்சிறு வேறுபாட்டிலேயே பாத வளர்ச்சியின் அடிப்படை அடங்கியுள்ளது.

வளைவு பிறக்கும் விதம்

மனிதப் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் உள்ளன. இரு பாதங்களையும் சேர்த்தால் 52. உடலின் 206 எலும்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பாதங்களிலேயே அமைந்துள்ளது. தமிழில் 'கால்' என்னும் சொல் உறுப்பையும் நான்கில் ஒரு பங்கையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்தில் நினைத்து மகிழத்தக்கது.

பிறந்த குழந்தையின் பாதத்தில் பெரும்பகுதி குருத்தெலும்பே. உள்ளங்காலின் உட்பக்கத்தில் கொழுப்புத் திண்டு ஒன்று நிறைந்திருப்பதால் பாதம் தட்டையாகத் தோன்றும். இது குறைபாடன்று, பருவத்தின் இயல்பு. குழந்தை நிற்கவும் நடக்கவும் ஓடவும் தொடங்கியபின் தசைகளும் தசைநார்களும் வலுப்பெறுகின்றன. குருத்தெலும்பு படிப்படியே எலும்பாகிறது. பல குழந்தைகளுக்கு ஆறு வயதையொட்டியும், சிலருக்குப் பத்து வயதளவிலும் பாதத்தின் உள்வளைவு தெளிவாகப் புலப்படுகிறது. அடியெடுத்து வைக்கும்போது இவ்வளைவு சற்றே தாழ்ந்து அதிர்ச்சியை ஏற்கிறது. விரலூன்றி எழும்போது இறுகி, உடலை முன்னோக்கித் தள்ளும் நெம்புகோலாகிறது.

2300 குழந்தைகளின் பாதச்சுவடு

காலணி இவ்வளர்ச்சியைப் பாதிக்கிறதா? கருநாடக மாநிலத்தின் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவர்கள் ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய இருவரும் இவ்வினாவை ஆராய்ந்தனர். 4 முதல் 13 வயது வரையிலான 2300 குழந்தைகளின் பாதச்சுவடுகளைத் திரட்டி, 1992ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் காணப்பட்டது. விரல்களை முழுதும் மூடும் காலணி அணிந்தோரிடம் அது மிகுதியாகவும், செருப்பு அணிந்தோரிடம் குறைவாகவும், வெறுங்காலினரிடம் மிகக் குறைவாகவும் இருந்தது.

மேலை நாடுகளில் பிறந்த சிறாரில் பெரும்பாலோர் இளமையிலேயே காலணிக்குப் பழகிவிடுகின்றனர். காலணியோடும் காலணியின்றியும் வளரும் குழந்தைகளை அருகருகே ஒப்பிடும் வாய்ப்பு இந்தியாவில் இருந்தமையால், இவ்வாய்வு உலக மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது.

எனினும் இம்முடிவைக் கருத்தோடு பொருள்கொள்ள வேண்டும். தட்டைப்பாதம் எல்லாம் நோயன்று. குதிகாலை உயர்த்தி நுனிவிரலில் நிற்கும்போது வளைவு தோன்றுமாயின், அது நெகிழ்தன்மையுள்ள தட்டைப்பாதம். வலியில்லையெனில் பெரும்பாலும் அதற்கு மருத்துவம் தேவைப்படுவதில்லை. வளைவு தோன்றாமல் விறைத்திருந்தாலோ, வலி இருந்தாலோ மருத்துவரை நாடுதல் வேண்டும்.

வெறுங்காலின் மறுபக்கம்

இவ்வாய்வைக் கேட்டவுடன் காலணியைத் துறந்துவிடலாம் என்று முடிவுசெய்வது பிழை. கண்ணாடிச் சில்லும் ஆணியும் நிறைந்த தெருவும், சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையும் வெறுங்காலுக்கு உரியவை அல்ல. மனிதக் கழிவால் மாசுற்ற மண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகின்றன. குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சிச் சோகையை விளைவிக்கின்றன.

வரலாறு உணர்த்தும் செய்தியும் ஒன்றுண்டு. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆதிக்கச் சாதியினரின் தெருக்களில் காலணி அணிந்து நடத்தல் கூடாது என்னும் தடை சென்ற நூற்றாண்டிலும் நிலவியது. அவர்களுக்குக் காலணி, தன்மதிப்பின் அடையாளமாயிற்று. விரும்பிக் கழற்றிய காலும் அணியவிடாமல் தடுக்கப்பட்ட காலும் ஒன்றல்ல. பள்ளிக் குழந்தைகளுக்கு அரசு விலையில்லாக் காலணி வழங்குவதன் பொருளை இப்பின்புலத்தில் உணரலாம்.

எனவே வினா, காலணி வேண்டுமா வேண்டாமா என்பதன்று; எப்போது வேண்டும், எத்தகையது வேண்டும் என்பதே. வீட்டினுள்ளும், தூய்மையான மணலிலும் புல்தரையிலும் குழந்தை வெறுங்காலோடு ஆடட்டும். பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக்காலில் தாவுவதும், கிளித்தட்டில் சட்டெனத் திரும்புவதும் பாதத்தின் சிறுதசைகளுக்குச் சிறந்த பயிற்சிகள். தெருவிலும் கழிப்பறையிலும் காலணி கட்டாயம் தேவை.

தெரிந்து தெளிவோம்
ஆங்கிலேயக் காலணி அளவுமுறையில் ஓர் எண்ணிற்கும் அடுத்த எண்ணிற்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு. இது ஒரு பார்லி மணியின் நீளத்தை அடிப்படையாகக் கொண்டது.

அடையாற்றில் ஓர் அளவுகோல்

பாலவாக்கத்திற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிறுவனம், இந்தியர்க்கெனக் காலணி அளவுமுறை ஒன்றை வகுக்கும் பணியை மேற்கொண்டது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில், ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பாதங்கள் முப்பரிமாண வருடிகளால் அளக்கப்பட்டன.

இந்தியரின் பாதம் ஐரோப்பியரின் பாதத்தைவிட அகலமானது என்பதை இவ்வாய்வு காட்டியது. அயல்நாட்டு அளவில் செய்த காலணி அகலம் போதாமல் இறுக்குவதால், பலர் நீளம் மிகுந்ததை வாங்கிக் கயிற்றை இறுக்கிக் கட்டுகின்றனர். பெண்களின் பாதவளர்ச்சி ஏறத்தாழ 11 வயதிலும், ஆண்களின் பாதவளர்ச்சி 15, 16 வயதிலும் உச்சத்தை எட்டுவதும் தெரியவந்தது. இவற்றின் அடிப்படையில், கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகளைக் கொண்ட 'பா' என்னும் அளவுமுறை முன்வைக்கப்பட்டது. பாரதம் என்பதன் முதலெழுத்தே அப்பெயர்.

வளர்கிற பிள்ளையும் வாங்குகிற காலணியும்

"வளர்கிற பிள்ளை" என்று சொல்லி இரண்டு அளவு பெரிதாக வாங்குவது குடும்பங்களின் வழக்கம். சிக்கனம் கருதிய செயலே எனினும், தளர்ந்த காலணிக்குள் பாதம் வழுக்குகிறது. விரல்கள் மடங்கிப் பிடித்து நடக்க நேர்கிறது. சிறுத்துப்போன காலணியோ இன்னும் தீங்கானது. குருத்தெலும்பு வளைந்து கொடுப்பதால் சிறு குழந்தைக்கு வலி உடனே தெரிவதில்லை, அது முறையிடாது. பார்த்து அறிய வேண்டியவர் பெரியவரே.

பாதத்தை மாலையில், நிற்கவைத்து அளத்தல் நன்று. பகல் முழுதும் நடந்த பாதம் சற்றே விரிந்திருக்கும். இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய பாதத்திற்கேற்பவே வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருத்தல் போதும். அடித்தோல் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் வளைதல் கூடாது. அண்ணன் அணிந்து தேய்ந்த காலணி அவனுடைய நடையின் வடிவத்தைத் தாங்கியிருக்கும். அது தம்பிக்குப் பொருந்தாது.

மிகுதியாக விளையாடும் 8 முதல் 14 வயதுடைய சிறாருக்குக் குதிகாலின் பின்புறம் வலி தோன்றலாம். குதிகால் எலும்பின் வளர்தட்டினைத் தசைநார் இழுப்பதால் வருவது இது. அமெரிக்க மருத்துவர் சீவர் 1912ஆம் ஆண்டு இதனை விளக்கினார். வளர்ச்சி முடிந்ததும் தானே நீங்கக்கூடியது. ஆயினும் வலியோடு ஓடச்சொல்லி வற்புறுத்தல் தவறு. வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கு ஓய்வளிப்பது, அதன் ஆட்டத்தைக் காப்பதேயாகும்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலரின் பாதங்கள் ஏறக்குறைய முழுவளர்ச்சி அடைந்துவிட்டன. ஆனால் அவர்கள் வீட்டில் ஓடித்திரியும் தம்பி, தங்கையரின் பாதங்கள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஒரு தாளும் ஒரு பென்சிலும் இருந்தால் போதும். அப்பாதத்தின் எல்லையை வரைந்து, அவர்களின் காலணியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலணி அக்கோட்டிற்குள் அடங்கிச் சிறுத்திருப்பின், அதனை வீட்டில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு படித்தவருக்கு உண்டு.

கற்பவை கற்றபின்...

1. ஈரப்பாதத்தைத் தரையில் பதித்து, குடும்பத்தினர் ஒவ்வொருவரின் தடத்தையும் ஒப்பிட்டுக் குறிப்பெழுதுக.
2. 'காலணி – உடல்நலமும் சமூக மதிப்பும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.