கருவி பிடிக்காத கலப்படம்: உணவுப் பரிசோதனை வேலைக்கு வருவோருக்கு

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தைச் சுற்றிக் காவிரிப் பாசனத்தில் கரும்பும் வெல்ல ஆலைகளும் நிறைய. உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பமாகப் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகின்றன. வெல்லம் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால்தான் நல்ல விலை. கோளாறே அங்கிருந்துதான்: பாகை வெளுக்க ஹைட்ரோஸ் என்னும் வேதிப்பொருள், நிறத்துக்குச் சாயம், எடைக்கு அஸ்கா எனும் வெள்ளைச் சர்க்கரை. உணவுப் பாதுகாப்புத் துறையினர் இந்த ஆலைகளில் பலமுறை சோதனை போட்டுச் சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள்.

இப்போது கலப்படத்தைக் கண்டுபிடிக்கக் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. ராமன் கருவி லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை வைத்துச் சாயத்தை அடையாளம் காணும். 2015இல் கானா நாட்டில் செம்பனை எண்ணெயில் சூடான் சாயம் பிடிபட்டது. அந்த மாதிரி வழக்குகளுக்கு இது கைகொடுக்கும். ஆனால் நிறத்தை மட்டும் பார்க்கும் செல்போன் செயலியை நம்பி இறங்காதீர்கள். செம்பனை எண்ணெய்க்கு இயல்பிலேயே கரோட்டின் சிவப்பு உண்டு; செயலியால் அதைச் சாயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. நம் சட்டப்படி சமையல் எண்ணெயில் நிறமே சேர்க்கக் கூடாது. ஆகவே சாயம் எவ்வளவு என்பதைவிட, இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வெல்லத்தில் சேர்க்கும் மெட்டானில் மஞ்சள் சாயத்துக்கு லேசர்கூட வேண்டாம். வெல்லக் கரைசலில் சில சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், சாயம் இருந்தால் கரைசல் ஊதாச் சிவப்பாக மாறும்.

அஸ்காதான் சிக்கல். வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ்; அஸ்காவும் சுக்ரோஸ்; இரண்டும் கரும்பிலிருந்தே வந்தவை. என்ன விலை கொடுத்து வாங்கிய கருவியும் இங்கே திணறும். ஆலைக்குள் போனதும் கொப்பரையைப் பார்க்குமுன் கிடங்கைப் பாருங்கள். காலிச் சாக்கு, கொள்முதல் ரசீது, வந்த கரும்பு எவ்வளவு, போன சிப்பம் எத்தனை என்று கணக்குப் பாருங்கள். இதைச் சொல்லத் தெரிந்தவரே என் கணிப்பில் இந்த வேலைக்கு ஏற்றவர்.

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வழக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அது சந்தேகத்தை எழுப்ப மட்டும்தான் உதவும். மாதிரியை முறைப்படி நான்காகப் பிரித்து, முத்திரையிட்டு, ஒன்றைச் சேலம் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தருவார். நீதிமன்றத்தில் நிற்பது அந்த அறிக்கைதான். முத்திரையில் ஓட்டை என்றால் அதுவும் நிற்காது.

தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. 2021இல் 119 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டங்கள் செல்லும். வேதியியல் படித்தவர்கள் கவனிக்க: இளநிலைப் பட்டம் மட்டும் இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். முதுநிலை வேண்டும்.