சாடியில் உள்ளி வைத்த பிள்ளைக்கு

அன்புள்ள பிள்ளை,

"தாள் நல்லா வளருது, அடியில ஒண்டும் இல்லை, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டிருந்தாய். நீ பிழை விடவில்லை. மன்னார்த் தீவில் உள்ளி நட்டுப் பார்த்த பலரும் கடைசியில் தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள், கைராசி இல்லை என்கிறார்கள். வீட்டுத்தோட்டத்தைத் தொழிலாகவே எடுத்துச் செய்யப்போகிற நீ அப்படி நினைத்துவிடக் கூடாது. உன்னைப் போல் தொடங்குகிற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுக் கடிதமாக எழுதுகிறேன்.

எனக்கும் இதே கதைதான். ஒரு வருடம் பழைய பெயின்ற் வாளிகளில் கடை உள்ளியைப் பல்லுப் பல்லாக நட்டேன். தாள் முழ உயரம் வந்தது. பங்குனியில் ஒரு வாளியைச் சாக்கில் கவிழ்த்தேன். மண் உதிர்ந்ததும் முதலில் வேர்தான் தெரிந்தது, வெள்ளை நூற்கட்டுப் போல. அதற்கு மேல் சிறுவர் விளையாடும் போளையளவில் ஒரே ஒரு உருண்டை. தோலை உரித்து நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பல்லாகப் பிரிந்த கோடே இல்லை. மணம் மட்டும் முழு உள்ளியின் மணம். அன்று அதை ஒரு நோய் என்று நினைத்து மிச்ச வாளிகளையும் கொட்டிவிட்டேன். அது நோயில்லை, குளிர் காணாத உள்ளி அப்படித்தான் இருக்கும் என்பது பின்னால்தான் விளங்கியது.

உள்ளியின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைப்பக்கம். மாரியில் உறைகுளிர், கோடையில் 15 மணி நேரப் பகல் உள்ள நாடுகள். நட்ட பல்லுக்குள் இருக்கும் குருத்து சில கிழமையாவது குளிரில் கிடந்தால்தான், பிறகு பக்க மொட்டுகள் விட்டுப் பல பல்லுகளாகப் பிரியும். பகல் நீள்வது குமிழ் பருக்க அதற்கு வரும் அடுத்த அறிவிப்பு. நம் தீவில் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டுகிறது, அதுவும் ஆனியில். மார்கழி இரவில் நாம் போர்வை தேடினாலும் உள்ளிக்கு அது குளிரே இல்லை.

பகல் நீளம் மட்டும்தான் தடையென்றால் கொடைக்கானலிலும் உள்ளி விளையக் கூடாது. அதற்கும் நமக்கும் அட்சரேகையில் ஒரு பாகைக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அங்கே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதே சூரியன், ஏறக்குறைய அதே பகல். அவர்களுக்கு 2,000 மீற்றரளவு உயரம் இருக்கிறது, நமக்குக் கடல்மட்டம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் மலைதான் குளிரைத் தருகிறது. நம் நாட்டிலும் வெலிமடை, நுவரெலியா போன்ற மேட்டுநிலங்களில்தான் உள்ளி பயிரானது. இன்று நாம் சமைக்கும் உள்ளியில் மிகப் பெரும்பங்கு கப்பலில் வருகிறது, கூடுதலாகச் சீனாவிலிருந்து. உலக விளைச்சலில் ஏறத்தாழ முக்கால்வாசி அந்த ஒரு நாட்டில்தான்.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தை நினைத்துப் பார். ஆபிரிக்காவின் மரம். அரபு வணிகரோடு வந்ததாகச் சொல்வார்கள். நம் வெயிலும் உப்புக்காற்றும் அதற்குப் பிறந்த வீடு மாதிரியே பட்டது, நூற்றாண்டுகளாக நிற்கிறது. உள்ளியும் வந்த சரக்குத்தான், நம் பத்தியக் கறியில் அது இல்லாமல் பிள்ளைப்பேற்று வீடே இல்லை. ஆனால் சமையலறைக்குள் வந்த பொருள் முற்றத்துக்கும் வந்துவிடும் என்றில்லை. இந்த வேறுபாட்டை நீ ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டால் செய்வதற்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, தாளுக்காகவே வளர்ப்பது. இதைத்தான் உனக்கு மனதார விரும்பிச் சொல்வேன். குமிழின் உட்பக்கத்துச் சின்னப் பல்லுகள் இதற்குப் போதும். தட்டையான வேர்ப்பக்கம் கீழே, கூர் மேலே, இரண்டங்குல இடைவெளி, ஓரங்குல ஆழம். மூன்று நாலு கிழமையில் தாள் ஒரு சாண் தாண்டும். அடியில் ஓரங்குலம் விட்டு அரி. திரும்பத் துளிர்க்கும். இரண்டாம் வெட்டோடு பல்லு களைத்துப்போகும், அதன் பின் புதுப் பல்லு வை. கிழமைக்கு ஒரு சாடி என்று வரிசையாக வைத்தால் வீட்டில் தாள் ஓயாது. பால்சுறா வறை இறக்குகிற நேரம் ஒரு பிடி உள்ளித்தாளைப் பொடியாக அரிந்து தூவி மூடிவிட்டுப் பார். அடுப்பில் வைத்து வதக்காதே, மணம் போய்விடும். தாளும் பல்லும் நசியும்போதுதான் அந்தக் கந்தக மணம் பிறக்கிறது, நெடுநேரச் சூட்டில் அது நிற்காது.

இரண்டாவது வழி குமிழுக்கானது, பொறுமை வேண்டும். மலை தருகிற குளிரைப் பிரிட்ஜில் கடன் வாங்க வேண்டும். ஐப்பசித் தொடக்கத்தில் பருத்த, காயமில்லாத முழு உள்ளியைத் தேர்ந்தெடு. சில கப்பல் உள்ளி முளைக்காமலிருக்கப் பதப்படுத்தப்பட்டு வரும், அதனால் முதலில் இரண்டு பல்லை ஈரத்துணியில் சுற்றி வைத்து வேர் விடுகிறதா என்று பார்த்துக்கொள். பிறகு முழுக் குமிழாகவே கடதாசிப் பையில் போட்டு, திகதியை எழுதி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறு முதல் எட்டுக் கிழமை வை. உறைபெட்டிக்குள் வைத்துவிடாதே. மார்கழியில் பெருமழை தணிந்ததும் ஒரு பின்னேரம் பல்லுகளைப் பிரித்து, வெளிப்புறத்துப் பெரிய பல்லுகளை மட்டும் நடு. ஆறங்குல இடைவெளி, ஓரங்குலத்துக்குச் சற்று மேல் ஆழம். நட்ட மண் கொதித்தால் பெற்ற குளிரின் பலன் கலைந்துவிடும். ஆகவே பனையோலையையோ வைக்கோலையோ மேலே பரப்பி, மத்தியான வெயிலுக்குக் கிடுகு நிழல் கொடு. இவ்வளவும் செய்தால் தேசிக்காயளவு குமிழ் வரலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதே, வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

சாடி விஷயத்தில் நீ கருஞ்சாயப் பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறாய். மாசி வெயிலில் அதன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார், உள்ளே வேர் என்ன பாடுபடுகிறதென்று தெரியும். மீன் கடைகளில் ஓரம் உடைந்து கழிக்கும் றெஜிபோம் பெட்டி இருக்கிறதே, ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற பெட்டி, அதைவிட நல்ல சாடி நம் தீவில் இல்லை. ஐஸைக் கரையாமல் காத்த சுவர் வேரையும் சூட்டிலிருந்து காக்கும். நன்றாகக் கழுவு, மீன் உப்பு ஒட்டியிருக்கும். அடியில் துளை போடு. எட்டங்குல ஆழம் தாராளம்.

கடற்கரை மணல் எடுக்கவே எடுக்காதே. முருங்கன் பக்கத்துக் களியும் சாடிக்கு நேரே ஆகாது, நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் பிளக்கும். நல்ல மேல்மண் ஒரு பங்கு, மக்கிய ஆட்டெரு ஒரு பங்கு, இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிய தும்புத்தூள் ஒரு பங்கு. அலசாத தும்பிலும் உப்பு இருக்கிறது.

உப்பைப் பற்றித்தான் உன்னிடம் அழுத்திச் சொல்ல வேண்டும், நம் ஊரில் சாடிப்பயிரைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். நம் கிணறுகளில் நல்ல தண்ணீர் மணலுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மோட்டர் வைத்து இறைக்க இறைக்க அடியுப்பு மேலேறும். நிலத்தில் பயிருக்கு விட்டால் மழை வந்து கழுவிவிடும். சாடியில் நீ ஊற்றுகிற உப்பெல்லாம் அங்கேயே தங்கும், தண்ணீர் மட்டும் ஆவியாகிவிடும். மண்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது சுண்ணாம்பு என்று விட்டுவிடாதே, நுனிநாக்கில் தொட்டுப் பார். தாளின் நுனி மஞ்சளாகித் தவிட்டு நிறமாகக் கருகுவதும் அதே கதைதான். கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்து மூடி வை, நுளம்பு வராது. பத்து நாளுக்கொரு தரம் அந்த நீரை அடித்துளையால் ஓடும்வரை ஊற்றி உப்பை வெளியேற்று. மற்ற நாளில் விரலை மண்ணில் விட்டு, முதற்கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடு. ஈரம் தேங்கினால் பல்லு அழுகும்.

சாடியைச் சுவரின் மறைவில் வை, வாடைக்காற்று கடல் தூவானத்தை அள்ளிக்கொண்டு வரும். மேசை உயரத்தில் வைப்பது இன்னும் நல்லது. றோட்டில் திரிகிற கழுதைகள் பாவம், வரட்சியில் எதையும் கடிக்கும். உள்ளியும் வெங்காயமும் அவற்றின் இரத்தத்துக்கு ஆகாது. உன் பயிருக்காக மட்டுமில்லை, அந்தச் சீவன்களுக்காகவும் மறைப்புக் கட்டு.

குமிழ் பார்க்கும் ஆசை அடங்காவிட்டால் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் சின்ன வெங்காயம் வை. அது நம் வடக்கின் பயிர், குளிர் கேட்காது. ஒரு பெட்டியில் அதைத் தோண்டி எடுத்துக்கொண்டே மறு பெட்டியில் உள்ளிக்குக் காத்திருக்கலாம்.

இந்த ஐப்பசியில் ஐந்து உள்ளியைப் பிரிட்ஜில் வை, ஐந்தை வெளியே கூடையில் தொங்கவிடு. ஒரே நாளில், ஒரே மண்ணில், இரண்டு பெட்டியில் நடு. எது எந்தப் பெட்டி என்று மையால் எழுதி வை. பங்குனியில் தாள் பாதி மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்து. கவிழ்க்கிற அன்று எனக்கு ஒரு கோல் அடி. சாக்கை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பேசாலையிலிருந்து உன் பெரியம்மா